சபூராம்மா எழுப்புன செவரு

ரொம்ப காலத்துக்கு முந்தி, இந்தக் கரையில கல்லு வச்ச பள்ளிவாசல் ஒண்ணுகூட எழும்பாத காலத்துல, கல்லாம்பட்டணம்னு ஒரு ஊரு இருந்துச்சு. ஊருன்னா என்ன ஊரு, கடலுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவுல முப்பது நாப்பது ஓலக்குடிச. எல்லாரும் முத்துக்குளிக்கிற ஆளுக.

அந்தக் கரைக்கு ஏமன் தேசத்துலேர்ந்து ஒரு மரக்கலம் வந்துச்சாம். வந்த கலம் தண்ணி ஏத்திக்கிட்டுத் திரும்பிப் போயிருச்சு. போறப்ப ஒரு ஆள மட்டும் மணல்ல எறக்கி வச்சிட்டுப் போயிருச்சு. அவுகளுக்கு அனலாக் காய்ச்சல். இனிமே பொழைக்கிற ஆளு இல்லேன்னு விட்டுட்டுப் போயிட்டாகளாம். அவுகதான் ஹுமைது அப்பா. இன்னக்கி இந்த ஊருல தொழுவுற அத்தன பேரும் அவுக வாயால கலிமா கேட்டவுக வம்சம்.

அவுகளுக்குக் கஞ்சி ஊத்திப் பொழைக்க வச்சது ஒரு குளியாளோட மக. பேரு பேச்சி. பொழச்சு எந்திரிச்ச மனுசன் அந்தக் கரையிலயே ஓலை வேஞ்சு ஒரு பள்ளி கட்டுனாக. பேச்சியக் கேட்டாக. அவளும் சரின்னா. கலிமா சொல்லிக் கொடுத்து சபூரான்னு பேரு வச்சு நிக்காஹ் முடிச்சாக. அன்னக்கே அவ ஆத்தாக்காரி, மக பொழங்குன சட்டி பானை அம்புட்டையும் தெருவுல போட்டு ஒடச்சாளாம். அப்பன் அவ இருக்கிற பக்கம் மொகத்தத் திருப்பவே இல்லியாம். அவன் செத்தப்பக்கூட அவளுக்கு ஆளு அனுப்பல. ஒரு மனுசனுக்காக பெத்தவுகள விட்டா, கூடப்பொறந்தவுகள விட்டா, தன் பேரையும் விட்டா.

ஒண்ணு சொல்லிடுறேன். எங்க ஊருல ஹுமைது அப்பாவ அவுக இவுகம்போம். சபூராம்மாவ மட்டும் அவ இவன்னுதான் சொல்லுவோம். பெத்த உம்மாவச் சொல்ற மாதிரி. மரியாத இல்லாமச் சொல்றதா நெனச்சுக்கிடாதீக.

சபூராம்மாவுக்கு மூணு புள்ள பொறந்துச்சு. மூணும் தங்கல. மூணாவது பதினோரு நாளு இருந்துச்சு. அத அடக்கி வந்த நாலாவது நாளு, ஐப்பசி மாசம், கடலு பொங்கி ஒரு கலம் ஒடஞ்சு போச்சு. எந்த தேசத்துக் கலமோ தெரியல. பலக பலகயா ஒதுங்குச்சு. ஒரு பலகையில ஒரு ஆம்பளப்புள்ள கட்டிக் கெடந்துச்சு. யாரோ கட்டி விட்டிருக்காக. கட்டுன கை என்னாச்சுன்னு யாருக்குத் தெரியும்.

புள்ளைக்கு உசுரு இருந்துச்சு. ஆனா திங்க வாயத் தொறக்கல. கஞ்சி வேணாம், இளநி வேணாம், மீனு வேணாம். என்னமோ ஒரே ஒரு சொல்லத் திருப்பித் திருப்பிச் சொல்லுச்சாம். அது அவன் வாப்பா பேரா, தண்ணி கேட்டானா, ஒருத்தருக்கும் வெளங்கல. ரெண்டு நாளு இப்படியே போச்சு. மூணாம் நாளு சபூராம்மா பாத்தா. நெஞ்சுல பாலு கட்டிக்கிட்டுக் கெடக்குது, குடிக்கப் புள்ள இல்ல. இங்க ஒரு புள்ள கெடக்குது, குடிக்க ஒண்ணும் எறங்கல. தூக்கி மாருல போட்டா. பல்லு மொளச்ச புள்ள, ஓடித் திரியிற புள்ள, அது கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சுச்சாம்.

அடுத்த ஜும்மாவுல ஹுமைது அப்பா புள்ளையத் தோள்ல வச்சுக்கிட்டுப் பள்ளி வாசல்ல நின்னாக. இவன் பேரு யூனுஸ், இன்னக்கிலேர்ந்து இவன் ஹுமைதுடைய மகன், எனக்கு இவன் வாரிசு, இவனுக்கு நான் வாரிசுன்னு சொன்னாக. ஊரே கேட்டுச்சு.

யூனுஸ் வளர்ந்தான். அவன் சொல்லிக்கிட்டிருந்த அந்த ஒத்தச் சொல்லு கொஞ்ச மாசத்துல மறந்து போச்சு. உம்மாங்கிற சொல்லு வந்துருச்சு. அடுத்த வருசம் முன்பல்லு விழுந்துச்சு. சபூராம்மா அதச் சாணியில பொதிஞ்சு கூரை மேல எறிஞ்சா. ஆளாகி கடலுக்குப் போக ஆரம்பிச்சான். நல்ல குரலு. பள்ளிக்கு பாங்கு சொல்றதும் அவன்தான். கரைக்கு வந்தா உம்மா மடியில தலைய வச்சுப் படுத்துக்குவான். மீசை மொளச்சும் படுத்துக்குவான். அவ முடியில இருக்கிற உப்ப நீவி நீவி உதுத்து விடுவா.

யூனுசுக்கு இருவது வயசு இருக்கும்போது ஹுமைது அப்பா ஹஜ்ஜுக்குக் கெளம்புனாக. போயி வர மூணு வருசம். அவுக இந்தக் கரைக்கு வந்தப்ப வாலிபம். தெரிஞ்சது கொஞ்சம், தெரியாதது நெறைய. அங்க போயி பெரிய ஆலிமுக காலடியில குந்தி மார்க்கத்தப் படிச்சாக. அப்பத்தான் அந்தச் சட்டம் அவுக காதுல விழுந்துச்சு. வளர்த்த புள்ளைய வளர்த்தவன் பேரச் சொல்லி அழைக்கக் கூடாது. பெத்தவன் பேருதான் அவனுக்குப் பேரு. பெத்தவன் யாருன்னு தெரியலேன்னா அவன் உனக்குச் சகோதரன். மகன் இல்ல. மகன் இல்லேன்னா, வளர்த்த தாய்க்கு அவன் அந்நிய ஆம்பள. ஆளான பொறகு அவ அவன் முன்னாடி மறைஞ்சுதான் இருக்கணும்.

சட்டத்த நாம குத்தம் சொல்லல. பெத்தவன் பேர ஒருத்தன் திருடிரக் கூடாதேன்னு வந்த சட்டம் அது. ஊருல வேற யாருக்கும் இது தெரியாது. ஹுமைது அப்பா நெனச்சிருந்தா மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டுச் செத்திருக்கலாம். அவுக அப்படிப்பட்ட ஆளு இல்ல.

வியாழக்கெழம சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துல கரையில எறங்குனாக. சபூராம்மா ஆக்கிப் போட்டா. சாப்புட்டாக. யூனுசப் பாத்தாக, பாத்துக்கிட்டே இருந்தாக. பிரயாணத்துக் களைப்புன்னு அவ நெனச்சா.

மறுநாளு ஜும்மா. பொம்பளைகளுக்கு ஓலத்தட்டி மறைப்பு. சபூராம்மா தட்டிக்கு இந்தப் பக்கம் முன்வரிசையில இருந்தா. ஹுமைது அப்பா எந்திரிச்சு நின்னு சொன்னாக: யூனுஸ எம் மகன்னு இந்த வாசல்ல நின்னு சொன்னேன். தெரியாமச் சொன்னேன். இன்னக்கி அத எடுத்துட்டேன். இனிமே அவன யாரும் ஹுமைது மகன்னு கூப்பிடாதீக.

தட்டிக்குப் பின்னாடி சபூராம்மாவுக்கு முதல்ல வெளங்கவே இல்ல. பக்கத்துல இருந்தவ கையப் புடிச்சப்பத்தான் வெளங்குச்சு.

யூனுஸ் எந்திரிச்சு நின்னான். உன் வாப்பா பேரு எதாச்சும் ஞாபகம் இருக்கான்னு ஹுமைது அப்பா கேட்டாக. ஒண்ணும் ஞாபகம் இல்லேன்னான். அப்புறம் அவன் வெளிய போயிட்டான். அன்னக்கி அசருக்கு பாங்கு சொல்ல நின்னானாம், பாதியில குரலு வரலியாம்.

வீட்டுக்கு வந்ததும் சபூராம்மா கேட்டா. கத்தல, அழுவல.

"ஊருக்குச் சொல்றதுக்கு முந்தி எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

ஹுமைது அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாக.

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப சபூரா. நீ அழுதிருந்தா நான் ஊருக்குச் சொல்லியிருக்க மாட்டேன்."

இந்தப் பதில அவ கடைசி வரைக்கும் மன்னிக்கல. சட்டத்தக்கூட ஒருவேள அவ மனசு ஏத்துக்கிட்டிருக்கும்னு சொல்லுவாக. இத ஏத்துக்கல.

ஆனா அப்ப அவளுக்கு ஒரு வழி இருந்துச்சு. பாலு. நான் அவனுக்குப் பாலு கொடுத்திருக்கேன், பாலு கொடுத்தவ தாயி இல்லியான்னு கேட்டா. தாயிதான்னாக அவுக. பாலு குடிச்ச புள்ளைக்கு அவ உம்மாதான், முக்காடும் வேணாம், மறைப்பும் வேணாம். ஆனா ரெண்டு வயசுக்குள்ள குடிச்சிருக்கணும். அதுக்கு மேல குடிச்சது கணக்குல சேராது.

ஊருக்குள்ள இந்தப் பேச்சுப் பரவிருச்சு. ஊருல யாருக்கும் அந்தப் புள்ளைய அந்நியனாக்க மனசு வரல. எல்லாரும் பள்ளியில கூடி, அந்தம்மாவையே கேப்போம்னாக. கடலு கொண்டாந்த புள்ளைக்கு வயசு சொல்ல யாரு இருக்கா, வளர்த்தவதானே சொல்லணும். அடுத்த வீட்டுக்காரி மைமூன் வந்து காதோட சொன்னா: ஒரே ஒரு வார்த்த சொல்லிரு ராத்தா, ரெண்டு வயசுக்கு உள்ளதான்னு சொல்லிரு, முடிஞ்சு போச்சு.

சபூராம்மா தட்டிக்குப் பின்னாடி வந்து நின்னா. யூனுஸ் வாசல்ல நின்னான். ஹுமைது அப்பா கேட்டாக, உங்கிட்ட பாலு குடிக்கிறப்ப அவனுக்கு என்ன வயசு.

"ரெண்டு ஆகல."

ஊரு பெருமூச்சு விட்டுச்சு. ஒரு பெரியவரு அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லவே சொல்லிட்டாராம். அவ்வளவுதான், எல்லாரும் எந்திரிச்சுப் போற மாதிரி இருந்துச்சு. ஹுமைது அப்பா மட்டும் எந்திரிக்கல.

"சபூரா, அடுத்த வருசமே அவனுக்கு முன்பல்லு விழுந்துச்சு. கூரை மேல எறிஞ்சது நீ. நான் பக்கத்துலதான் நின்னேன்."

மூணு வயசுப் புள்ளைக்குப் பல்லு விழுகுமா. பெத்தவுக அத்தன பேருக்கும் தெரியும். தட்டிக்குப் பின்னாடி அவ நின்னுக்கிட்டே இருந்தா. அல்லாவோட பள்ளியில, ஊரு கேக்க, அவ சொன்னது பொய்யின்னு கட்டுனவன் வாயாலயே ஆயிப்போச்சு. அந்த மனுசனுக்காக அவ எதை எதையெல்லாம் விட்டுட்டு வந்தான்னு நான் சொன்னேன்ல.

வீட்டுக்கு வந்து ஹுமைது அப்பா பக்குவமாத்தான் சொன்னாக. நடுவுல ஒரு திரை கட்டுவோம், நீ உள்ள இரு, அவன் வெளிய இருந்து சாப்புடட்டும், பேசு, சலாம் சொல்லு, உம்மான்னு மரியாதைக்கு அவன் கூப்பிட்டாலும் தப்பில்ல. வெளிய வந்தா முக்காட இழுத்து மூடிக்க. அவ்வளவுதான்னாக.

"நான் தலையத் தொவட்டி விட்ட புள்ள முன்னாடி மொகத்த மூடிக்கிட்டு நிக்கணுமா? அதுக்குச் செவரே வச்சிருங்க," அப்படின்னா.

கோவத்துல சொல்றான்னு அவுக நெனச்சாக. மறுநாளு அவ கடப்பாறைய எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போயிட்டா. கடல்பாறைய ஒடச்சு ஒடச்சுத் தலையில வச்சுக் கொண்டாந்து போட்டா. சங்கு சிப்பியச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குனா. யாரையும் கிட்ட விடல. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல, ஒரு ஆளு ஒசரத்துக்கு மேல, தானே ஒரு செவர எழுப்புனா. குடிச வீட்டுக்குள்ள கல்லுச் செவரு. ஓலக்கூரையே பின்னாடி மாத்தி மாத்தி வேஞ்சாக, செவரு அப்படியே நின்னுச்சு. செவத்துல இடுப்பு ஒசரத்துல ஒரு பொந்து விட்டா. ஒரு கை நொழையிற பொந்து.

அதுக்கப்புறம் யூனுசுக்குச் சோறு அந்தப் பொந்து வழியாத்தான். தட்டு நொழையாது. அவ சோத்தப் பெசஞ்சு உருண்ட உருட்டுவா. அவன் கைய உள்ள நீட்டுவான். உள்ளங்கையில உருண்டய வைப்பா. உருண்டதான் படும், விரலு படாது. அந்த அளவுக்குச் சட்டத்தப் புடிச்சா. சட்டம் கேக்காததையும் புடிச்சா. தெருவுல அவன் வந்தா வேலிப்பக்கம் திரும்பி நின்னுக்குவா. அவன் மொகத்தப் பாக்கவே மாட்டேன்னுட்டா.

ஹுமைது அப்பாவுக்குப் பாருங்க, மகங்கிற பேருதான் போச்சு. யூனுஸ் எப்பயும் போல அவுக பக்கத்துல நின்னு தொழுதான், ஒரே பாயில குந்துனான். அவளுக்கு மொகமே போச்சு. அவ தானாப் போக்கிக்கிட்டாங்கிறதும் நெசந்தான்.

யூனுசுக்குக் கலியாணம் பேசப் போனாக. இன்னார் மகன்னு சொல்லணும்ல. யாரு மகன்னு சொல்ல? ஒரு எடம் தட்டுச்சு, ரெண்டு எடம் தட்டுச்சு. அப்புறம் அவனே வேணாம்னுட்டான். பள்ளியில பாங்கு, கடல்ல தொழிலு, செவத்துக்கு இந்தப் பக்கம் சோறு. இப்படியே ஒண்ணில்ல ரெண்டில்ல, இருபத்திரெண்டு வருசம்.

மைமூனத்தான் சபூராம்மா எப்பயாவது கேப்பாளாம். தாடி வச்சிருக்கானா. நரைச்சிருச்சா. எளச்சிருக்கானா. மைமூன் சொல்லச் சொல்லக் கேட்டுக்குவா. கேட்டுட்டு, சரி சரி போதும்பா.

இருபத்திரெண்டாவது வருசம் ஹுமைது அப்பா அவகிட்ட வந்து உக்காந்தாக. அவுகளுக்கும் தள்ளாமை வந்துருச்சு. மார்க்கத்துல இன்னொரு சட்டமும் இருக்கு சபூரா, மாதவிடாய் நின்னு வயசாயிப்போன பொம்பளைகளுக்கு அவ்வளவு மறைப்புத் தேவையில்ல, முக்காட்டத் தளர்த்திக்கிட்டாக் குத்தம் இல்ல, உனக்கு அந்த வயசாயிருச்சு, செவர இடிச்சிருவோம்னாக. சொல்றப்ப அவுக கண்ணுல தண்ணி.

அவ சோறு பெசஞ்சுக்கிட்டிருந்தா. கைய நிப்பாட்டல. இடிச்சா இருபத்திரெண்டு வருசம் வருமான்னா. அதோட சரி.

யூனுசுக்கு இது தெரிஞ்சுச்சு. அன்னக்கிச் சோத்துக்கு வந்தவன் கைய நீட்டல. செவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டான்.

"உம்மா, இடிச்சிரு."

"நானா வச்சேன்? அவுக வாயி வச்ச செவரு."

"அவுக சொன்னது திரை. செவரு வச்சது நீ."

அப்புறம் அவன் கைய நீட்டுனான், அவ உருண்டய வச்சா. அவன் சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போனான். மூணு நாளு அவ கடப்பாறையத் தேடி எடுத்து செவத்துல சாச்சு வச்சிருந்தான்னு மைமூன் சொல்லியிருக்கா. சாச்சுத்தான் வச்சிருந்தா. தொடல.

நாலாம் நாளு கச்சான் காத்து திசை மாறிச்சு. யூனுஸ் போன தோணியில ரெண்டு பேரு. தோணி திரும்பல. எட்டு நாளு கழிச்சு ரெண்டு மையித்து ஒதுங்குச்சு. ஒருத்தன் அசலூரு ஆளு, ஒருத்தன் யூனுஸ். யாரு யாருன்னு தெரியல. மொகத்த மீனு தின்னுருச்சு. உடுப்பும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே கட்டு ஒரே ஒசரம்.

ஊரு தெகச்சு நின்னப்ப சபூராம்மா கரைக்கு வந்தா. யாரும் தடுக்கல. ஹுமைது அப்பா வழிவிட்டு ஒதுங்கி நின்னாக. ரெண்டையும் துணி போட்டு மூடியிருந்தாக. மொகத்தக் காட்ட வேணாம், கைய மட்டும் எடுத்து வெளிய வைங்கன்னா. ஒரு கைய வச்சாக. பாத்தா. இல்லேன்னு தலைய ஆட்டிட்டா. அடுத்த கைய எடுத்து வச்சாக. பாத்தா. குனிஞ்சு அந்தக் கையப் புடிச்சா. இருபத்திரெண்டு வருசத்துல அன்னக்கித்தான் தொட்டா.

"இது," அப்படின்னா.

அன்னக்கே அடக்குனாக. மண்ணத் தள்ளி முடிச்ச பொறகு தல்கீன் சொல்லணும். சின்னப் புள்ளைகளுக்குத் தெரியாம இருக்கும், சொல்றேன். கபுறுக்குத் தலமாட்டுல ஒருத்தரு குந்தி, மண்ணுக்குள்ள இருக்கிறவுகளக் கூப்பிட்டு, மலக்குமாருன்னு வானவருக வந்து கேட்டா இன்ன பதிலச் சொல்லுன்னு சொல்லிக் கொடுப்பாக. அதுக்குப் பேரு தல்கீன். அங்க வாப்பா பேரச் சொல்லிக் கூப்பிடுற வழக்கம் இல்ல. தாயி பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். தாயி யாருன்னு தெரியலேன்னா ஹவ்வாவின் மகனேன்னு கூப்பிடணும். எல்லாருக்கும் முதத் தாயி அவுகதானே.

தலமாட்டுல குந்துனது ஹுமைது அப்பா. தாழம்புதருக்குப் பின்னாடி பொம்பளைக நின்னாக, நடுவுல சபூராம்மா. ஹுமைது அப்பா வாயத் தொறந்தாக, மூடிக்கிட்டாக. மண்ணுல கைய ஊனிக்கிட்டு அப்படியே இருந்தாக. அங்க நின்ன அத்தன பேருக்கும் தெரியும், அவுக எந்தப் பேருல நிக்கிறாகன்னு. யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா அவுக கேட்டிருப்பாகளோ என்னமோ.

"யூனுஸே, ஹவ்வாவின் மகனே," அப்படின்னாக.

சபூராம்மா திரும்பி வீட்டுக்கு நடந்தா. மிச்சத்தக் கேக்கல.

அப்புறம் ரெண்டு வருசம் ஹுமைது அப்பா இருந்தாக. அவ ஆக்கிப் போட்டா, துணி தொவச்சா, படுக்கையில விழுந்தப்ப அள்ளிக் கொட்டுனா, மவுத்தானதும் தன் கையாலயே குளிப்பாட்டுனா. ஒரு வார்த்த பேசல. அவுக கடைசியா என்னய மன்னிச்சிருன்னு கேட்டாகளாம். அவ வாயில தண்ணி ஊத்துனா. அதுதான் பதிலுன்னு சில பேரு சொல்லுவாக. பதிலே இல்லேன்னு சில பேரு சொல்லுவாக. அவளும் ரொம்ப நாளு இருக்கல.

ரெண்டு பேரும் போன அடுத்த வருசம் இன்னொரு மையித்து ஒதுங்குச்சு. பேரு தெரியாது, ஊரு தெரியாது. அடக்குனாக. தலமாட்டுல குந்துனவரு மைமூன் புருசன் ஜுனைது. ஹவ்வாவின் மகனேன்னுதான் சொல்ல வாயெடுத்தாராம். வந்தது வேற.

"சபூராவின் மகனே," அப்படின்னாராம்.

ஏன் அப்படிச் சொன்னீகன்னு கேட்டதுக்கு, எனக்கே தெரியல, வாயில வந்துருச்சுன்னாராம். யாரும் மாத்திச் சொல்லச் சொல்லல. அன்னக்கிலேர்ந்து இந்தக் கரையில அதுதான் வழக்கம். வேற ஊரு ஆலிமுக வந்து கேப்பாக, எந்தக் கிதாபுல இருக்குன்னு. எந்தக் கிதாபுலயும் இல்ல. ஆனா இந்தக் கபுறுஸ்தான்ல, கடலு கொண்டாந்து போட்ட அனாதை மையித்து எத்தன கெடக்கோ, அத்தனயும் சபூராவின் மக்கதான். தெற்குப் பக்கமாப் போனா மூணு வரிசை இருக்கு.

யூனுசு கபுறு அதுல இல்ல, தனியா இருக்கு. அவனுக்கும் அந்தப் பேரச் சொல்லிருவோம்னு எந்தக் காலத்துலயோ சில பேரு கேட்டாகளாம். பெரியவுக ஒத்துக்கல. தல்கீன் ஒரு தரம்தான். அவனுக்குச் சொல்லியாச்சு.